டெபாசிட் போடும் முன் வங்கியைப் படிப்பது எப்படி: அக்கா மகளுக்கு எழுதிக் கொடுத்தது

போன ஜூன் மாதம் என் அக்கா மகள் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். எல்லாம் சேர்த்து 28 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈரோட்டில் என் வீட்டுக்கு வந்தவள், நான்கு இடங்களின் வட்டி விகிதத்தை எழுதிய துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்து, "மாமா, இதுல எது நல்ல பேங்க்குனு சொல்லுங்க, போட்டுர்றேன்" என்றாள்.

பழைய தனியார் வங்கி ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். கிளார்க்காக உள்ளே போய், மேனேஜராக வெளியே வந்தேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரே மதித்த வங்கிகளில் சில இன்று பெயர்ப்பலகையிலேயே இல்லை. தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கிக்குள் போனது. திருநெல்வேலியில் இருந்த தமிழ்நாடு வங்கி அதே வருஷம் ஐ.ஓ.பி.க்குள் போனது. மதுரா வங்கி 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். வங்கிக்குள் போனது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் ‘நல்ல பேங்க்’ என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொல்வது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பது இதிலிருந்து தெரியும்.

அதனால் அவளுக்கு வங்கியின் பெயர் எதுவும் சொல்லாமல், வங்கியை எப்படிப் படிப்பது என்று ஒரு பழைய டைரியில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் வரலாறும் சேர்த்துத்தான் எழுதினேன். அரசாங்கம் தனியார் வங்கிகளைக் கண்காணித்த கதை முழுக்க ஒரு இடைவெளியைப் பற்றியதுதான். ஏட்டில் ஓட்டை விழுந்த நாளுக்கும், அது டெபாசிட் போட்டவர் காதுக்கு எட்டிய நாளுக்கும் நடுவே எத்தனை காலம் போனது? ஒவ்வொரு வங்கி விழுந்த பிறகும் ஒரு சட்டம் வந்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது. எந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று தெரிந்தால், அது நம்மை எதிலிருந்து காப்பாற்றும், எதிலிருந்து காப்பாற்றாது என்பதும் தெரிந்துவிடும். இனி அந்த டைரியில் இருப்பது.

முதலில் பெயர்ப்பலகை

வட்டியைப் பார்க்கும் முன், அது வங்கிதானா என்று பார். சிரிக்காதே. உன் சீட்டில் இருக்கிற நான்கில் ஒன்று வங்கியே இல்லை.

மதராஸில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேர்விட்ட வெள்ளைக்கார வியாபார நிறுவனம். ஏற்றுமதி, தோட்டம், ஏஜென்சி, கூடவே டெபாசிட். பெரிய உத்தியோகஸ்தர்கள், ஜமீன்கள், விதவைகள் எல்லோரும் அங்கேதான் பணம் போட்டார்கள். கவர்னர் மாளிகை வரை செல்வாக்கு. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கதவைச் சாத்திவிட்டார்கள். பணம் போட்டவர்கள் சுமார் 7,000 பேர். லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் அதற்கு இரண்டு நாள் முன்னால் ரயில் முன் விழுந்து இறந்திருந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது.

தண்டனை கிடைத்தது, சரி. ஆனால் அதற்கு முந்தின வாரம் வரை அந்தக் கணக்கைப் பார்த்த வெளியாள் யார்? ஒருவரும் இல்லை. அது கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். லாப நஷ்டக் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ரிசர்வ் வங்கி என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னால் நின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அரசாங்கத்திடமிருந்து அப்போது பெரிதாக எதுவும் வரவில்லை. வங்கிகளுக்கென்று கம்பெனிச் சட்டத்தில் தனி அத்தியாயம் வரவே 1936 ஆனது.

இன்று வங்கி நடத்த வேண்டுமானால், 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்கீழ் ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். அந்தச் சட்டம் 1949 மார்ச் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிமம் என்பது வேறு, பதிவு என்பது வேறு. ‘அரசு பதிவு பெற்றது’ என்று பலகையில் எழுதியிருந்தால், அதைக் கம்பெனியாகப் பதிந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். டீக்கடையைக்கூட அப்படிப் பதியலாம்.

உனக்கு நினைவிருக்கும், 1990-களில் நம் பக்கமெல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனிகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. உன் சின்ன தாத்தா ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு 24 சதவீத வட்டி என்று 60,000 போட்டார். நான் வங்கியில் இருக்கிறவன், அதில் பாதிகூடத் தர முடியாது என்று சொன்னேன். "உங்க பேங்க்குல தர மனசில்ல, அவன் தர்றான்" என்றார். ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் கம்பெனிப் பதிவு எண்ணைக் கொட்டை எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்த பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு அரசு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தையும் திருத்தி, நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். சின்ன தாத்தாவுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்.

எப்படிச் சரிபார்ப்பது: ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உரிமம் பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் தளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. இரண்டிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார். உன் சீட்டில் நான்காவதாக, மற்றதைவிட 2 சதவீதம் கூடுதலாக எழுதியிருக்கிறாயே, அதன் பெயரில் கடைசியில் ‘நிதி’ என்று வருகிறது. அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் உறுப்பினர்களிடம் பணம் வாங்கும் அமைப்பு. திருட்டு என்று நான் சொல்லவில்லை. காப்பீடு கிடையாது, வங்கியைப் பார்க்கிற கண் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஊரில் சொசைட்டி என்கிறோமே, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு.

5 லட்சம் கணக்கு

வங்கி விழுந்தால் டெபாசிட் காப்பீட்டில் 5 லட்சம் வரை திரும்பி வரும். இதை எல்லோரும் தெரியும் என்பார்கள். பத்தில் எட்டுப் பேர் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருப்பார்கள்.

முதலில் கதை. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. இரண்டு வங்கிகள் சேர்ந்து அந்தப் பெயரில் ஒன்றாகி ஒரு வருஷம்கூட சரியாக ஆகவில்லை. திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த அரசியல் பகைதான் அதைக் கவிழ்த்தது என்று கேரளத்தில் இன்றும் பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு. ரிசர்வ் வங்கி 1935-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு தனியார் வங்கிக்குள் தானாகப் போய் ஏட்டைப் புரட்டும் பொதுவான அதிகாரம் அதற்கு இல்லை. அடுத்த வருஷமே கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் வங்கிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று எழுதி அனுப்பினார். யுத்தம் வந்து எல்லாம் கிடப்பில் போனது. உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் 1946-இல் அவசரச் சட்டமாகத்தான் வந்தது.

சரி, பார்க்கும் அதிகாரம் வந்துவிட்டதே, அப்புறம் வங்கி விழாது என்றுதானே நினைப்போம்? 1960 ஆகஸ்ட் 8, அதுவும் ஒரு திங்கட்கிழமை, பாலை சென்ட்ரல் வங்கியை மூடக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மனுப் போட்டதே ரிசர்வ் வங்கிதான். கேரளத்திலேயே பெரிய வங்கி அது. அதன் ஏட்டில் இருந்த குறைகளை ஆய்வாளர்கள் 1950-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காகிதம் ரிசர்வ் வங்கிக்கும் அந்த வங்கிக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது. ரப்பர் விற்ற காசைக் கொண்டுவந்து போட்ட பாலை ஊர்க்காரருக்கு அதில் ஒரு வரியும் தெரியாது. ஆர்பத்நாட்டில் பார்க்க ஆள் இல்லை. பாலையில் பார்த்த ஆள் இருந்தார், பார்த்ததை நம்மிடம் சொல்லவில்லை.

அந்தக் கூச்சலில்தான் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, தள்ளாடும் வங்கியை நிறுத்திவைத்து இன்னொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்க வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். 1951-இல் நாட்டில் 566 வங்கிகள் இருந்தன. 1969-இல் அது நூற்றுக்கும் கீழே வந்ததில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது, டெபாசிட் காப்பீடு. 1961-இல் சட்டம், 1962 ஜனவரி 1 முதல் கழகம். ஆளுக்கு 1,500 ரூபாய். அது படிப்படியாக ஏறி 1993-இல் ஒரு லட்சம் ஆனது. அதற்குப் பிறகு 27 வருஷம் அப்படியே நின்று, 2020 பிப்ரவரி 4-இல்தான் 5 லட்சம் ஆனது. நான் ஓய்வு பெறும் வரை கவுண்டரில் ஒரு லட்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 27 வருஷத்தில் ஒரு பவுன் தங்கம் எங்கிருந்து எங்கே போனது என்று நீயே யோசி.

இனி கணக்கு. 5 லட்சம் என்பது ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு. கிளைக்கு இல்லை, ரசீதுக்கும் இல்லை. பெருந்துறை ரோடு கிளையில் 4 லட்சம், பஸ் ஸ்டாண்ட் கிளையில் 4 லட்சம் என்று ஒரே வங்கியில் உன் பெயரில் போட்டால் 8 லட்சம் என்று கூட்டி, அதில் 5 லட்சத்துக்குத்தான் காப்பீடு. சேமிப்புக் கணக்கில் கிடப்பதும் இதில் சேரும். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஆகவே சரியாக 5 லட்சம் போடுவது தப்பு. 7 சதவீத வட்டியில் ஒரு வருஷத்துக்கு 4,60,000 போட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி சேர்ந்து, முடிவில் 4,93,000 சொச்சம் வரும். உள்ளே அடங்கிவிடும்.

இன்னொரு விஷயம் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கே தெரியாது. உன் தனிப் பெயரில் இருப்பதும், நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து வைத்திருப்பதும் தனித்தனியாகக் கணக்கில் வரும். கூட்டுக் கணக்கில் உன் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது என்று ஒன்று, அவர் பெயர் முதலில், உன் பெயர் இரண்டாவது என்று இன்னொன்று வைத்தால், அந்த இரண்டும்கூட வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனியாக 5 லட்சம். காப்பீட்டுக்கு நீ ஒரு பைசா கட்ட வேண்டாம். பிரீமியம் வங்கி கட்டும், உன்னிடம் பிடிக்கவும் கூடாது.

ஆண்டறிக்கையில் எங்கே விரல் வைப்பது

இதுதான் கஷ்டமான பகுதி. மெதுவாகப் படி.

1997 வாக்கில் நான் ஒரு கிளையில் ஆஃபீஸராக இருந்தேன். ரிசர்வ் வங்கியிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். நாங்கள் வாங்கி வைத்த காபியைத் தொடாமல், சொந்த ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரைக் குடித்தார். ரொக்கப் பெட்டியைத் திறக்கச் சொல்வார், நகைக் கடன் பைகளை எடை போடுவார் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. நூல் மில் ஒன்றின் கடன் லெட்ஜரையும், மார்ச் கடைசி வார வவுச்சர் கட்டையும் மட்டும் கேட்டார்.

ஒரு மணி நேரம் புரட்டினார். அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டு இரண்டு வவுச்சரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மார்ச் 30 அன்று மில் தன் பாக்கி வட்டி 11 லட்சத்தையும் கட்டியிருந்தது. கணக்கு சுத்தம். மார்ச் 28 அன்று மில் கூட்டாளியின் மனைவி பெயரில் எங்கள் கிளையிலேயே 12 லட்சம் புதுக் கடன் போயிருந்தது. "சார், இந்தப் பணம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போச்சா?" என்று கேட்டார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் காசை எடுத்தே எங்கள் பாக்கியை அடைத்திருந்தோம். வசூலாகாத கடன் மார்ச் 31-இல் நல்ல கடன் மாதிரி நின்றது. அந்த இரண்டு வவுச்சரிலும் மூலையில் என் சுருக்கக் கையெழுத்து இருந்தது. மேலே இருந்து சொன்னார்கள், போட்டேன் என்று இப்போது சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எனக்கு அது புரிந்துதான் இருந்தது.

அவர் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அது எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போனது, திட்டு வந்தது, மில் கணக்கு வாராக்கடனாக மாறியது. அந்த நேரத்தில் கவுண்டரில் நின்று டெபாசிட் ரசீது வாங்கிக்கொண்டிருந்த மஞ்சள் மண்டிக்காரருக்கு எதுவும் தெரியாது. மூன்றடி தள்ளித்தான் நின்றார்.

அந்த மூன்றடி இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2017-இலிருந்து, வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்ட வாராக்கடனுக்கும் ஒரு அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதை வங்கி தன் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வங்கியின் தளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இறக்கி, ‘டைவர்ஜென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடு. யெஸ் வங்கி 2016 மார்ச் 31-இல் 749 கோடி வாராக்கடன் என்று காட்டியது. ரிசர்வ் வங்கி கண்டது 4,926 கோடி. அடுத்த வருஷம் காட்டியது 2,018 கோடி, கண்டது 8,374 கோடி. இதெல்லாம் 2017-இலேயே அச்சில் வந்துவிட்டது. பணம் எடுக்கத் தடை வந்தது 2020 மார்ச் 5. நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, படித்தவர்களுக்கு.

டைவர்ஜென்ஸ் இல்லை என்றால் மூன்று எண்ணைப் பார். நிகர வாராக்கடன், அதாவது நஷ்டத்துக்கென்று வங்கி ஒதுக்கி வைத்தது போக மிஞ்சும் வாராக்கடன், எத்தனை சதவீதம்? 1-க்குக் கீழே என்றால் நிம்மதி, 3-ஐத் தாண்டினால் நான் புதிதாகப் போட மாட்டேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை. 6-ஐத் தொட்டால் ரிசர்வ் வங்கியே ‘உடனடித் திருத்த நடவடிக்கை’ என்ற பட்டியலில் வைத்துக் கையைக் கட்டலாம். அடுத்தது மூலதன விகிதம், அதாவது கொடுத்த கடன்களில் நஷ்டம் வந்தால் தாங்க வங்கியிடம் எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்பது. ஆங்கிலத்தில் சி.ஆர்.ஏ.ஆர். என்று இருக்கும். குறைந்தபட்சம் 9, அதற்கு மேல் கையிருப்பாக 2.5, ஆக 11.5 சதவீதம் வேண்டும். 15-க்கு மேல் இருந்தால் நல்லது. மூன்றாவது, இந்த இரண்டும் மூன்று வருஷமாக எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது. ஒரு வருஷத்து எண்ணை மார்ச் மாதத்தில் அழகாக்கலாம், அதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு அழகாக்குவது கஷ்டம்.

லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள். 2019 மார்ச்சில் மூலதன விகிதம் 7.72 சதவீதம். அதே செப்டம்பரில் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வந்தது. ஒரு வருஷம் கழித்து 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே பொதுக்குழுவில் ஏழு இயக்குநர்களை ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே. எல்லாம் பத்திரிகையில் வந்த செய்திதான். நவம்பர் 17-இல் தடை வந்தபோது டி.வி.யில் ‘திடீர்’ என்றார்கள்.

ஆய்வாளர் எழுதும் அறிக்கையையே நாம் படிக்க முடியாதா என்று நீ கேட்பாய். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ரிசர்வ் வங்கி தரத்தான் வேண்டும் என்று சொன்னது. வங்கிகள் அதை எதிர்த்துத் திரும்பவும் கோர்ட்டுக்குப் போயின. அந்த இழுபறியை நம்பி நீ காத்திருக்க வேண்டாம்.

அரசு வங்கி என்றால் இதெல்லாம் வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம்தான். 1969 ஜூலை 19-இல் 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தைத் தள்ளியது, உடனே வேறு சட்டம் போட்டார்கள். 1980-இல் இன்னும் ஆறு. முதல் தேசியமயத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1968-இல் ‘சமூகக் கட்டுப்பாடு’ என்று ஒரு திருத்தம் வந்தது. வங்கி இயக்குநர்கள் தங்களுக்கும் தங்கள் கம்பெனிகளுக்கும் கடன் எடுத்துக்கொள்வதற்கு அது முட்டுக்கட்டை போட்டது. பேச்சுக்கு தேசியமயம் பெரிய விஷயம். டெபாசிட் போடுகிறவருக்கு என்னைக் கேட்டால் இந்தத் திருத்தம்தான் பெரிது. முதலாளியே கடனாளியாக இருந்த வங்கிகள் எப்படி முடிந்தன என்பதை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டவன் நான்.

தடை வந்துவிட்டால்

பதறிக்கொண்டு கிளைக்கு ஓடாதே. தடை அறிவிப்பில் இரண்டு எண்ணைப் பார்: எவ்வளவு எடுக்கலாம், எந்தத் தேதி வரை. யெஸ் வங்கிக்கு 50,000 என்று வைத்தார்கள், இரண்டு வாரத்தில் தடை போய்விட்டது. லட்சுமி விலாஸுக்கு 25,000, டிசம்பர் 16 வரை என்றார்கள், நவம்பர் 27-லேயே டி.பி.எஸ்.ஸோடு இணைப்பு முடிந்துவிட்டது. 2004-இல் குளோபல் டிரஸ்ட் வங்கிக்கும் அப்படித்தான், ஜூலை 24-இல் தடை, ஆகஸ்ட் 14-இல் ஓரியண்டல் வங்கியோடு சேர்ந்தது. மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிதான் பாடாய்ப் படுத்தியது. 2019 செப்டம்பரில் முதலில் ஆறு மாதத்துக்கு மொத்தமே 1,000 ரூபாய் என்றார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், தீர்வு வர 2022 ஜனவரி ஆனது. ஆகவே கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் கூட வருகிறதென்றால் இதையும் நினைத்துக்கொள். பி.எம்.சி.க்குப் பிறகு 2020-இல் கூட்டுறவு வங்கிகள்மேல் ரிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கினார்கள்.

2021 செப்டம்பரிலிருந்து இன்னொரு வசதி: இப்படித் தடை வந்தால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். முன்பு வங்கியைக் கலைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணம் வர உன் கே.ஒய்.சி. காகிதம் சரியாக இருக்க வேண்டும், வேறொரு வங்கியில் உனக்குக் கணக்கு இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு மூன்று மாதப் பணம் எப்போதும் இரண்டாவது வங்கியில் கிடக்கட்டும்.

இதைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொள்: மேலே சொன்ன யெஸ், லட்சுமி விலாஸ் இரண்டிலும் டெபாசிட் போட்டவர்கள் அசலை இழக்கவில்லை. லட்சுமி விலாஸின் பங்குகள் பூஜ்யம் ஆயின, 318 கோடிக் கடன் பத்திரம் போனது. யெஸ் வங்கியில் 8,400 கோடிக்கு மேல் ஒரு வகைப் பத்திரத்தை அழித்தார்கள். அதை எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூட என்று சொல்லித் தங்களிடம் விற்றார்கள் எனப் பல பெரியவர்கள் புகார் சொன்னார்கள். ஆகவே வங்கிக்குள் உட்கார்ந்து ஒருவர் நீட்டுகிற காகிதமெல்லாம் டெபாசிட் இல்லை. ரசீதில் ‘ஃபிக்ஸட் டெபாசிட்’ அல்லது ‘டெர்ம் டெபாசிட்’ என்று இருக்கிறதா பார். பாண்டு, பாலிசி, ஃபண்டு என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல் எனக்குப் போன் பண்ணு.

புகார் என்றால் முதலில் கிளையில் எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கு. 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

டைரியில் இவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். ‘நிதி’யின் பெயரை அடித்திருந்தாள். மீதி மூன்று வங்கிக்கும், வருகைப் பதிவேடு மாதிரி கட்டம் போட்ட நோட்டில் மூன்று வருஷத்து எண்களை எழுதி வைத்திருந்தாள். டைவர்ஜென்ஸ் கட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். டீச்சர் புத்தி.

"அதைத் தள்ளிட்டேன் மாமா. மத்த ரெண்டுலயும் போடலாம். ஆனா வீட்ல ஒரு சண்டை" என்றாள்.

"என்ன?"

"கூட்டுக் கணக்குல யார் பேரு முதல்லன்னு அவர் கேக்கறார். ரிட்டயர் ஆனது நான், பணம் என்னோடதுங்கறேன் நான்."

ஒன்றில் உன் பெயர் முதலில், இன்னொன்றில் மாப்பிள்ளை பெயர் முதலில், ஒவ்வொன்றிலும் 4,60,000, நாமினி இரண்டிலும் பையன் என்று சொல்லி அனுப்பினேன்.